நாவலரும் கணக்காயரும்: சோமசுந்தர பாரதியார் வாழ்வு

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் அகலத்தால் சிறியது. சேதுக் கரையில் வாழும் மக்களுக்கு அது எல்லை அன்று, வழி. அக்கடலுக்கு அப்பாலிருந்து வந்த இரு பட்டங்கள் தமிழறிஞர் ஒருவருக்குப் பெயராகவே நிலைத்துவிட்டன. ஒன்று, இளமையில் ஈழத்துப் புலவர் ஒருவர் வழங்கியதாகச் சொல்லப்படும் பாரதி என்னும் பட்டம். மற்றொன்று, முதுமையில் ஈழநாட்டுப் புலவர் மன்றம் வழங்கிய நாவலர் என்னும் பட்டம். இவ்விரு பட்டங்களுக்கும் உரியவர், வழக்குரைஞராகவும் பேராசிரியராகவும் நல்ல தந்தையாகவும் வாழ்ந்து மறைந்த நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் ஆவார்.

தமிழுக்குத் தொண்டாற்றினார் என்னும் பொதுச்சொல்லால் அவரைப் போற்றி அமைவது எளிது. ஆயின் அச்சொல் அவருக்குப் போதாது. சான்றின்றித் தமிழைப் புகழ்வதை அவர் விரும்பியதில்லை. சான்று தம் பக்கம் உண்டு எனத் தெளிந்தபின் எதிரே நிற்பவர் யாவராயினும் அவர் பின்வாங்கியதும் இல்லை. அவ்வாறு எதிரே நின்றவர்கள் ஒருகால் பெரும்புலவர்கள். ஒருகால் போராட்டத் தோழர்கள். ஒருகால் தம் மக்களே சார்ந்திருந்த இயக்கத்தார். கருத்தால் மாறுபட்டும் உறவால் மாறுபடாமல் வாழ்வது எங்ஙனம் என்பதற்கு அவர்தம் வாழ்வு நல்லதொரு சான்றாகும்.

பிறப்பும் இளமையும்

சோமசுந்தர பாரதியார் 1879ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய நாயக்கர். எட்டப்ப பிள்ளை என்றும் அவர் வழங்கப்பெற்றார். தாயார் முத்தம்மாள். எட்டயபுரம் அந்நாளில் ஒரு குறுநில அரசின் தலைமை ஊர். புலவர்கள் வந்து போவதும், ஈற்றடி கொடுத்துப் பாட்டு முடிக்கச் சொல்வதும், சிறுவர்கள் அதனை வேடிக்கை பார்ப்பதும் அவ்வூரில் வழக்கம். அவ்வாறு வேடிக்கை பார்த்து வளர்ந்த சிறுவர் இருவர். ஒருவர் சோமசுந்தரம். மற்றவர் அவரினும் மூன்று ஆண்டு இளையவரான சுப்பிரமணியம். அவ்வூருக்கு வந்த ஈழத்துப் புலவர் ஒருவர் இவ்விருவரின் பாடும் திறனைக் கண்டு இருவருக்கும் ஒருசேரப் பாரதி என்னும் பட்டத்தை வழங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. இளையவர் அப்பட்டத்தை உலகறியச் செய்தார். மூத்தவரோ அதனைத் தம் குடும்பத்தின் பெயராகவே ஆக்கிக்கொண்டார்.

பள்ளிக் கல்வியை எட்டயபுரத்திலும் நெல்லையிலும் கற்ற பாரதியார், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இளங்கலைப் படிப்பு முடித்தார். அக்கல்லூரியில் அப்போது தமிழ் கற்பித்தோர் இருவர். ஒருவர், தமிழைச் செம்மொழியென நிலைநாட்ட எழுதிய பரிதிமாற்கலைஞர். மற்றவர், பின்னாளில் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள். இருவரிடத்தும் ஒருங்கே பயிலும் பேறு பெற்றவர் பாரதியார். ஆங்கிலம் கற்றவர் தமிழை மறப்பது பெருமை எனக் கருதப்பட்ட காலத்தில், ஆங்கிலக் கல்லூரியிலேயே தமிழ்ப்பற்றைப் பெற்று வெளிவந்தவர் அவர். அதன்பின் சட்டம் பயின்று 1905ஆம் ஆண்டு பி.எல். பட்டம் பெற்றுத் தூத்துக்குடியில் வழக்குரைக்கத் தொடங்கினார்.

தூத்துக்குடியில் வழக்குரைஞர்

1905இல் தூத்துக்குடி அமைதியான துறைமுகம் அன்று. வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கத்தின் அலை அங்கே கப்பல் வடிவில் எழுந்தது. வழக்குரைஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று அமைத்த சுதேசிக் கப்பல் நிறுவனம் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பதிவாயிற்று. அதன் மூலதனம் பத்து இலட்ச ரூபாய். அந்நிறுவனத்துக்குத் தலைவராய் அமைந்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவியவரும் சேதுபதி மரபினருமான பாண்டித்துரைத் தேவர். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த இராமநாதபுரத்து வள்ளலே கப்பல் நிறுவனத்துக்கும் தலைவராக இருந்தார் என்பது இப்பகுதியினர் மறத்தற்கு அரிய செய்தி. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

இம்முயற்சிகளில் வ.உ.சி.க்குத் துணைநின்ற நண்பர்களுள் இளைஞரான பாரதியாரும் ஒருவர். தம்மிடம் இரண்டு கப்பல்கள் இருப்பது உலகறிந்தது. மூன்றாவதாகத் தமிழ்ச் சரக்கு நிறைந்த கப்பல் ஒன்றும் உண்டு என்று பாரதியாரைச் சுட்டி வ.உ.சி. மகிழ்ந்து கூறுவார் என்பர். வேடிக்கையாகச் சொல்லப்பட்ட அச்சொல்லில் உண்மையும் இருந்தது. இரு கப்பல்களும் நெடுநாள் ஓடவில்லை. 1908ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வ.உ.சி. சிறைப்பட்டார்; சூலையில் கொடிய தண்டனை பெற்றார்; நிறுவனம் நலிந்தது. மூன்றாம் கப்பல் மட்டும் அதன்பின் அரை நூற்றாண்டு ஓடியது.

தோழர் சிறை சென்ற ஊரிலேயே பாரதியார் வழக்குரைஞர் தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். பகலெல்லாம் வழக்கு மன்றம். இரவில் தொல்காப்பியமும் சங்க நூல்களும். அவ்வாறு தாமே பயின்று 1913ஆம் ஆண்டு தமிழில் எம்.ஏ. பட்டம் பெற்றார். வழக்குரைஞர் ஒருவர்க்கு அப்பட்டத்தால் ஒரு வழக்கும் கூடுதலாக வந்திராது. வருவாய் நோக்காது கற்ற அக்கல்வியே இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் வாழ்வின் திசையை மாற்றியது. பின்னர் மதுரைக்குப் பெயர்ந்து அங்கும் சிறந்த வழக்குரைஞராக விளங்கினார். நகரை அடுத்த பசுமலை அவர் வாழிடமாயிற்று.

வழக்கு மன்றத்திலிருந்து இலக்கியத்துக்கு

பாரதியாரின் ஆய்வு நூல்களைப் படிப்போர், அவற்றை எழுதியவர் வழக்குரைஞர் என்பதை எளிதில் உணர்வர். வழக்கின் பொருளை முதலில் வரையறுப்பார். எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் எடுத்துரைப்பார். சான்றுகளை வரிசைப்படுத்துவார். ஒவ்வொரு சான்றையும் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்துவார். இறுதியில் தீர்ப்பைப் படிப்பவரிடம் விடுவார்.

தசரதன் குறையும் கைகேயி நிறையும் என்னும் நூல் இம்முறைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. நூற்றாண்டுகளாகக் கைகேயி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். அவள் பெயரைப் பெண்ணுக்கு இடுவாரும் இலர். அவளுக்காக எழுந்து வாதாட எவரும் முன்வராத நிலையில் பாரதியார் முன்வந்தார். கைகேயியை மணக்கும்போதே அவள் வயிற்று மகனுக்கு நாட்டைத் தருவதாகத் தசரதன் கேகயர் கோனுக்கு வாக்களித்திருந்தான். அவ்வாக்கை மறைத்து, பரதன் பாட்டனார் நாட்டில் இருக்கும் காலம் பார்த்து, விரைந்து இராமனுக்கு முடிசூட்ட முனைந்தான். அவ்வாறாயின் வாய்மையினின்று வழுவியவன் யார்? கணவன் சொல் பொய்யாகாமல் காக்க முற்பட்டு, அதனால் உலகப் பழியைச் சுமந்தவள் யார்? இவ்வினாக்களைக் காப்பியத்தின் அகச்சான்று கொண்டே அவர் எழுப்பினார். அந்நூலின் முடிவை ஏலாதவர் பலர். ஆயினும் அதன்பின் கைகேயியைப் பற்றிப் பேசுவோர் எவரும் அந்நூலின் வினாக்களுக்கு விடை கூறாமல் மேலே செல்ல இயலாது.

சேரர் தாயமுறை என்னும் ஆராய்ச்சியும் சட்டப் புலமையின் விளைவே. சொத்துரிமை வழக்குகளில் மரபுமுறையைத் துருவி ஆராயும் கண்ணோடு அவர் பதிற்றுப்பத்தைப் படித்தார். சேர அரசுரிமை தந்தைவழியே மகனுக்குச் சென்றதா, மருமக்கள் வழியே சென்றதா என்னும் வினா அவருக்கு எழுந்தது. பதிகங்களில் வரும் உறவுமுறைகளை எடுத்துக்காட்டி, மருமக்கள் தாயமே பண்டைச் சேரர் முறை என்று அவர் வாதிட்டார். திருவள்ளுவர் பற்றிய நூலிலோ, வள்ளுவர் பிறப்புக் குறித்து வழங்கிய கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சான்றின்மை காட்டி விலக்கினார்.

இராமநாதபுரத்துப் புலவர்களோடு அவர் நடத்திய வாதமும் இங்கு நினைக்கத்தக்கது. சேரர் தலைநகராகிய வஞ்சி, கொங்கு நாட்டுக் கரூரே என்பதை நிறுவ, சேது சமத்தானப் பெரும்புலவரும் செந்தமிழ் இதழின் முதல் ஆசிரியருமான ரா. இராகவையங்கார் வஞ்சிமாநகர் என்னும் நூலை எழுதினார். பாரதியார் அதனை ஏற்கவில்லை. சேரர் பேரூர் என்னும் நூலில், வஞ்சி மேற்குக் கடற்கரையைச் சார்ந்ததே என்று வாதிட்டார். பிற்காலத்தில் படிக்கப்பெற்ற புகளூர்க் கல்வெட்டும், கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளும் இராகவையங்கார் பக்கத்துக்கே வலிவு சேர்த்தன. ஆகவே இவ்வழக்கில் பாரதியார் தரப்பு பின்தங்கியது என்று சொல்வதே நேர்மை. ஆயினும் அவ்விரு நூல்களையும் ஒருங்கு வைத்துப் படிக்கும் மாணவர், ஒரு பாடலடியை எத்தனை கோணங்களில் சோதிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்வர். தோற்ற வாதமும் கல்விக்கு உதவும் என்பதற்கு அது சான்று.

அவர் ஆராய்ச்சியாளர் மட்டும் அல்லர், பாவலரும் ஆவார். மழை முகிலைத் தூதாக விடுக்கும் மாரி வாயில் என்னும் செய்யுள் நூல் அவருடைய கற்பனை வளத்துக்குச் சான்று.

பேராசிரியர்

1933ஆம் ஆண்டு, தம் ஐம்பத்து நான்காம் அகவையில், பாரதியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வழக்குரைஞர்களுக்கு வருவாய் மிகும் பருவம் அது. கட்சிக்காரர்கள் தேடி வரும் நிலையில் இருந்தவர், அவற்றையெல்லாம் விடுத்துச் சிதம்பரத்துக்குச் சென்று வகுப்பறையில் நின்றார். 1938 வரை அப்பணியில் இருந்தார்.

அவரிடம் தமிழுக்கு ஆட்பட்ட மாணவர்களுள் ஒருவர் வரலாறு குறிப்பிடத்தக்கது. இயற்பியல் பயில வந்த இளைஞர் ஒருவரின் தமிழறிவைக் கண்டறிந்து, அவரைத் தமிழ்த்துறைக்கு மாற்றியவர் பாரதியார். அவ்விளைஞரே பின்னாளில் கம்பனின் பேருரையாளராக விளங்கிய அ.ச. ஞானசம்பந்தன். கைகேயிக்காக வாதாடிய ஆசிரியரிடம் பயின்ற அவர், இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும் பற்றி நூல் எழுதினார். பழிக்கப்பட்ட பாத்திரத்தையும் நடுநின்று நோக்கும் முறை ஆசிரியரிடமிருந்து மாணவரிடம் சென்றதை அத்தலைப்பே காட்டும். நல்லாசிரியர் தம் முடிவுகளை மாணவர்க்குத் தருவதில்லை. முடிவுக்கு வரும் முறையைத் தருகிறார்.

வகுப்பறையில் பிறந்த சிந்தனையே அவருடைய தொல்காப்பியப் புத்துரையாக விரிந்தது. பொருளதிகாரத்தின் அகத்திணையியல், புறத்திணையியல், மெய்ப்பாட்டியல் ஆகிய மூன்றுக்கும் அவர் புதிய உரை கண்டார். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பெரியோர் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் பிற்கால வழக்கங்களையும் வடவர் கோட்பாடுகளையும் நூற்பாவுக்குள் புகுத்தும் இடங்களில் உரையாசிரியரை விடுத்து நூலாசிரியரைப் பின்பற்றவேண்டும் என்பது அவர் கொள்கை. தூத்துக்குடித் தோழர் வ.உ.சி.யும் சிறை மீண்டபின் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பிப்பதில் ஈடுபட்டார். கப்பல் கனவில் ஒன்றுபட்ட இரு வழக்குரைஞர்கள், தம் பிற்கால வாழ்வில் ஒரே இலக்கண நூலின்பால் வந்து சேர்ந்தது எண்ணி மகிழத்தக்கது.

மன்றமும் மனையும்

பாரதியாரின் இல்லம் அவர் நூல்களைப் போலவே கருத்துரிமை நிலவிய இடம். மகள் இலக்குமி பாரதியும் மருமகன் எல். கிருஷ்ணசாமி பாரதியும் நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர்கள். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று நாடு கேட்டுக்கொண்டிருந்த நாளில், மகள் மேடையேறுவதையும் சிறை செல்வதையும் ஏற்ற தந்தை அவர். இளைய மகள் லலிதா மருத்துவம் பயின்றார். லலிதா காமேசுவரன் என்னும் பெயரில் புகழ்பெற்ற மருந்தியல் அறிஞராகி, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார். பேராசிரியரின் மகள் துணைவேந்தர் ஆனது அக்குடும்பம் கல்வியை மகளிர்க்கும் உரிய சொத்தாகப் பகிர்ந்தளித்ததன் பயன்.

அக்குடும்பத்துக்குச் சோதனை வந்தது 1937இல். அவ்வாண்டு சென்னை மாகாணத்தில் இராசாசி தலைமையில் காங்கிரசு ஆட்சி அமைந்தது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. காங்கிரசுக்காகச் சிறை சென்றவர்கள் நிறைந்த வீட்டின் தலைவர், காங்கிரசு ஆட்சியின் ஆணையை எதிர்க்க எழுந்தார். இராசாசிக்கு வெளிப்படையாக மடல் எழுதினார். மேடைதோறும் வாதிட்டார். 1938 ஆகத்து முதல் நாள் திருச்சியிலிருந்து நடைப்பயணமாகப் புறப்பட்ட தமிழர் படை, செப்டம்பர் 11ஆம் நாள் சென்னையை அடைந்தபோது, கடற்கரையில் கூடிய பெருங்கூட்டத்தில் மறைமலையடிகள், பெரியார் ஈ.வெ.ரா. ஆகியோருடன் பாரதியாரும் பங்கேற்றார். மாணவராய் மறைமலையடிகள் முன் அமர்ந்திருந்தவர், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியருக்கு அருகே ஒரே மேடையில் அமர்ந்தார். கட்டாய இந்தி ஆணை 1940ஆம் ஆண்டு பிப்ரவரியில் விலக்கப்பட்டது.

தந்தை ஒரு பக்கம்; மகளும் மருமகனும் சார்ந்த இயக்கம் மறுபக்கம். ஆயினும் மகள் தன் கட்சியை விட்டு விலகவில்லை. தந்தையும் தம் கொள்கையைக் கைவிடவில்லை. பாரதி என்னும் பெயரையும் எவரும் துறக்கவில்லை. மருமகன் பின்னாளில் அரசியலமைப்பு மன்றத்தின் உறுப்பினராக அமர்ந்தார். இந்தியை ஒன்றிய ஆட்சிமொழியாக ஏற்ற முடிவு 1949 செப்டம்பர் 14ஆம் நாள் அம்மன்றத்திலேயே எடுக்கப்பட்டது. ஒரே குடும்பத்தின் இரு தலைமுறையினர் மொழிச் சிக்கலை இரு வேறு மன்றங்களில் எதிர்கொண்டனர் என்பது இந்நாட்டு வரலாற்றின் சிறு உருவமே ஆகும்.

தோழர்களிடத்தும் அவர் இந்நிலையையே மேற்கொண்டார். இந்தி எதிர்ப்பில் உடன்நின்ற இயக்கத்தார், 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று முழங்கினர். அவ்வாண்டில் அறிஞர் அண்ணா, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் பாரதியாரோடும் சொற்போர் நிகழ்த்தினார். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரே அணியில் நின்றவர்கள் இப்போது எதிரெதிரே நின்றனர். தமிழுக்கு ஊறு நேர்கிறது என்று கருதியபோது ஆட்சியை எதிர்த்த பாரதியார், தமிழ்க் காப்பியத்துக்கு ஊறு நேர்கிறது என்று கருதியபோது தோழர்களையும் எதிர்த்தார். இத்தனைக்கும் அவர் கம்பனின் அடியவர் அல்லர். தசரதனைக் குற்றவாளியாக நிறுத்தியவர். ஆராய்ந்து குறை காண்பது வேறு, எரிப்பது வேறு என்பதே அவர் எழுத்தும் செயலும் சேர்ந்து உணர்த்தும் பாடம்.

இறுதிக் காலம்

முதுமையில் பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. 1944இல் ஈழநாட்டுப் புலவர் மன்றம் நாவலர் என்னும் பட்டம் வழங்கியது. 1954இல் மதுரைத் திருவள்ளுவர் கழகம் கணக்காயர் என்னும் பட்டம் வழங்கியது. 1955இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துத் தன் முன்னைப் பேராசிரியரைச் சிறப்பித்தது. 1959ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், தம் எண்பதாம் அகவை நிறைந்த நிலையில், பாரதியார் இயற்கை எய்தினார்.

அப்பட்டங்களுள் நாவலர் என்பதே நாட்டில் நிலைத்தது. அது சொல்வன்மையைக் குறிப்பது, வழக்குரைஞர்க்குப் பொருந்துவது. கணக்காயர் என்பதோ கற்பிப்பவரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பெரிதும் வழங்காமற்போன அப்பட்டத்தில்தான் அவருடைய மற்றொரு பாதி அடங்கியிருக்கிறது. வாதிடக் கற்றவர் பலர். வாதிடும் முறையை மாணவர்க்கும் மக்களுக்கும் கற்பித்துவிட்டு, அவர்கள் தம்மையே மறுத்து வாதிடும்போதும் அன்பு குன்றாமல் கேட்டிருப்பவர் சிலர். அச்சிலருள் ஒருவர் பாரதியார்.

இலக்கியக் கழகங்கள் பத்தாண்டும் அதற்கு மேலும் நிலைபெற்று வாழ்வதற்கு வேண்டிய பண்பும் இதுவே. பாராட்டு ஒன்றே நிகழும் அவையில் கவிதை வளர்வதில்லை. பகைமை புகுந்த அவையில் எதுவும் வளர்வதில்லை. ஒரு கவிதையைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு, அதனை எழுதியவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நெஞ்சம் வேண்டும். சேதுக் கடலுக்கு அப்பாலிருந்து இரு பட்டங்களைப் பெற்ற அப்பெருமகனார், இக்கரையில் வாழும் பாவலர்க்கும் புலவர்க்கும் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அந்நெஞ்சமே ஆகும்.